பக்கத்து வகுப்பின் சிரிப்பு

"எனக்குப் பிள்ளைங்களக் கண்டா பயங்க."

"பிள்ளைங்களக் கண்டா பயமா? அப்ப யானையக் கண்டா?"

"யான ஒண்ணுதானே வரும். இதுங்க நாப்பதும் ஒரே நேரத்துல நம்ம மூஞ்சியவே பாக்குமே!"

"பாக்கட்டும். நீயும் திருப்பிப் பாரு. மத்ததெல்லாம் நான் சொல்லித்தாறேன்."

"நான் சரியான மக்கு. சொல்லித்தந்து சொல்லித்தந்து நீங்களே அலுத்துப் போயிருவீங்க."

"அலுக்க மாட்டேன். ஆறே மாசம். அப்புறம் பாரு, நீயும் ஒரு டீச்சர்தான்."

கல்யாணமாகிப் பத்தாவது நாள், இலங்கை மலைநாட்டுக் கொட்டகலை ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பத்திநாதனும் சிசிலியும் பேசிக்கொண்டது அது. ரயில் அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். மழைக்கு முந்தைய குளிர். சிசிலி தன் சேலைத் தலைப்பால் இரண்டு பேருடைய கைகளையும் சேர்த்து மூடிக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கும் தையலுக்கும் ஒரு டீச்சர் வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரை கேட்டிருந்தார். பத்திநாதன்தான் தன் புது மனைவியின் பெயரைச் சொல்லியிருந்தான்.

ஏழு வருஷம் கழித்து, ஐம்பத்தைந்தாம் ஆண்டில், பத்திநாதன் அந்தப் பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வான். சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அதை யாரும் மறுக்க முடியாது. பாடக் குறிப்பு எழுதுவது எப்படி, கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியைக் கிறீச்சிடாமல் பிடிப்பது எப்படி, முதல் நாள் வகுப்புக்குள் எந்தக் காலை வைத்து நுழைவது என்பது வரைக்கும் அவன்தான் சொல்லித் தந்தான். சிசிலிக்கு ஆறு மாதம் வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்திலேயே அவளுக்கு அவனுடைய உதவி தேவைப்படாமல் போயிற்று.

வெள்ளைக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீளமான கூடம். மேலே தகரம், கீழே சிமெந்து. நடுவில் சுவர் கிடையாது. கால் வைத்த கரும்பலகை ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளோடு தலைமை ஆசிரியர் பத்திநாதன். அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு சிசிலி. பலகைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக அவளுடைய பாதங்கள் பத்திநாதனுக்குத் தெரியும். அவற்றைச் சுற்றி எப்போதும் இருபது முப்பது சின்னப் பாதங்கள் நெருங்கி நிற்கும். அவனுடைய பாதங்களைச் சுற்றி இரண்டு முழத்துக்கு வெறும் சிமெந்துதான் இருக்கும்.

இந்த வேலைக்கு அவன் பட்டபாடு கொஞ்சமில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளியின் மகன். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளை. எட்டு வயதில், லயத்து அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதி, தங்கச்சியையும் இரண்டு கோழிகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தியவன். பங்குச் சாமியார் பார்த்து ஹட்டனில் படிக்க வைத்தார். இருபத்திரண்டாவது வயதில் வெள்ளை டிரில் கால்சட்டை போட்டு, அதே தோட்டத்துக்கு மாஸ்டராக அவன் திரும்பி வந்தபோது, அவனுடைய அப்பா மலையிலிருந்து கத்தியும் கையுமாக இறங்கி வந்து, மகனைத் தொட யோசித்துக்கொண்டு தூரமாகவே நின்றார். 

வேலை கிடைத்தது. வேலை வரவில்லை.

பிள்ளைகள் அவனுக்கு மரியாதை கொடுத்தார்கள். எழுந்து நின்றார்கள். கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்தார்கள். பின்னக் கணக்கை இரண்டு வருஷமாக ஒரே வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அவன் குரல் உயர்ந்தது. குரல் உயர உயர அவர்கள் இன்னும் கீழே பார்த்தார்கள்.

அந்தப் பக்கமோ சிரிப்பு.

எதற்குத்தான் சிரிப்பார்களோ! காலை எட்டரைக்குத் தொடங்கினால் மணி அடிக்கும்வரை, தண்ணீர் கொதிக்கிற மாதிரி அடங்கி அடங்கி ஒரு சிரிப்பு. பத்திநாதன் நான்காம் வகுப்புக்கு இலங்கையின் ஆறுகளைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் காது பலகைக்கு அப்பால் இருக்கும். மகாவலி கங்கையிலேயே நின்றுவிடுவான். அடுத்த ஆறு மறந்துபோயிருக்கும்.

மழை நாட்களில் இன்னும் மோசம். தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அவன் புத்தகத்தை மூடிவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவான். சிசிலி மழையிலும் பாடம் நடத்தினாள், கையாலும் முகத்தாலும். கரும்பலகையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால், நாற்பது பிள்ளைகள் வாயைத் திறந்து சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவன் வகுப்புப் பிள்ளைகளும் மெல்லக் கழுத்தை நீட்டி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அந்தத் தொட்டில் விஷயம்.

கொழுந்து அதிகமான மாதங்களில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இடம் போதாது. தாய்மார் மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தி, கைக்குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். ஒன்பது வயது ராக்காயி அப்படி மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. சிசிலி லயத்துக்குப் போய், அவள் அம்மா பேச்சியம்மாவிடம் கேட்டாள்.

"தம்பிப் பாப்பாவ யாரு டீச்சர் பாக்குறது?" என்றாள் பேச்சியம்மா.

"அவனையும் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துக்கா? மாஸ்டர் ஏசுவாங்களே!"

"மாஸ்டர நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் கூரைச் சட்டத்தில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. அந்த மாதக் கடைசியில் நான்கு தொட்டில்கள். பத்திநாதன் விதிமுறைகளைச் சொல்லிப் பார்த்தான். சிசிலி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அந்த நாலு பொம்பளப் பிள்ளைங்களும் வந்திருக்கில்லங்க, வரவு இடாப்புல பாருங்க" என்றாள். இடாப்பைப் பார்த்தான். வந்திருந்தார்கள்.

அவள் ஒரு வழக்கம் வைத்தாள். ஒரு வரியைப் பிழையில்லாமல் வாசிக்கிறவர்களுக்குத் தொட்டிலை ஆட்டும் முறை. குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதால் எல்லோரும் மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி வாசித்தார்கள். அவனுடைய அதட்டல் கேட்டுத்தான் குழந்தைகள் விழிக்கும். அப்போது பலகையின் இரண்டு ஓரங்களிலும் சின்னத் தலைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். 'இப்படிச் செய்யலாமா மாஸ்டர்?' என்பது போல.

யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் லயத்தில் முதல் முதலாகக் காய்த்த போஞ்சிக்காய் டீச்சருக்கு என்று வரும். கோயில் பொங்கல் டீச்சருக்கு என்று வரும். கடைசி லயத்து அழகம்மா தன் பெண் குழந்தைக்குச் சிசிலி என்றே பெயர் வைத்தாள். இந்துக் குடும்பம், கங்காணி எதிர்த்தும் கேட்கவில்லை. "டீச்சர் மாதிரி வரணுமில்லங்க" என்று அவள் பத்திநாதனிடமே வந்து சொன்னபோது, அவன் சிரித்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு வாழ்த்தினான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டான்.

இந்தப் பொறாமையை அவன் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பிறத்தியான் மேல் பொறாமை என்றால் சொல்லலாம். கட்டின மனைவி மேல் என்று எப்படிச் சொல்வது?

ஆவணி மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர், கண்டிப்பானவர் என்று பெயர். தொட்டில்களைப் பார்த்தால் தொலைந்தோம் என்று பத்திநாதன் நடுங்கினான். நடுக்கத்துக்குள்ளே இன்னொன்றும் இருந்தது. ஏசட்டுமே, ஒரு தடவை இவளையும் யாராவது ஏசட்டுமே. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே காது சுட்டது.

இன்ஸ்பெக்டர் சின்ன வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு தொட்டிலை அவரே ஆட்டினார். பெரிய வகுப்பில் பத்து நிமிடம். இறங்கும்போது பத்திநாதனின் தோளில் கை போட்டார்.

"மாஸ்டர், இஞ்ச உண்மையாப் படிப்பிக்கிறது உங்கட மனிசிதான் போல கிடக்கு."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். பத்திநாதனும் சிரித்தான். "ஆமாங்க சேர், ஆமாங்க" என்று இரண்டு தடவை சொன்னான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிசிலியிடம் அன்பாகப் பேசிக்கொண்டு வந்தான். ரொம்ப நேரம் நின்றாயே, கால் வலிக்கிறதா என்று கேட்டான். சாப்பிட உட்கார்ந்ததும், சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நாளையிலேர்ந்து நீ பெரிய வகுப்புகள எடு சிசிலி. சின்னதுங்கள நான் பாக்குறேன்."

"ஏங்க?"

"நீயும் எல்லாம் பழக வேணாமா?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிங்க. ரசம் ஊத்தவா?" என்றாள்.

அந்த மாற்றம் நான்கு நாள் நடந்தது.

முதல் நாள் அவன் 'அ' எழுதினான். நாற்பது பிள்ளைகளும் அவன் மூஞ்சியையே பார்த்தார்கள். சிசிலி சொன்ன பயம் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்வரிசையில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த அழகுமுத்து கையைத் தூக்கினான்.

"மாஸ்டர், டீச்சர் செத்துப் போயிட்டாங்களா?"

"சீ! என்னடா பேச்சு! அந்தப் பக்கம்தான் இருக்காங்க."

"அப்ப கூப்பிடுங்களேன்."

"நான் இருக்கேன்ல?"

அழகுமுத்து அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அவன் அழ ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்தவள் அழுதாள். அவளுக்கு ஆறுதலாக வரிசையே அழுதது. தொட்டில்கள் நான்கும் விழித்துக்கொண்டன.

நான்காம் நாள் அவன் சின்ன வகுப்பைச் சிலேட்டில் ஏதோ கீறச் சொல்லிவிட்டு, பலகைக்குப் பின்னால் சாய்ந்து நின்று, அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டான். சிசிலி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இந்தப் பின்னக் கணக்கு எனக்குச் சரியா வெளங்கல. மாஸ்டர் உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பாங்கல்ல? யாராச்சும் எனக்குச் சொல்லித்தாங்க பாப்போம்."

பெஞ்சுகள் நகரும் சத்தம். "நானு டீச்சர்!" "இல்ல டீச்சர், அவனுக்குத் தெரியாது, நானு!" கடைசியில் வீரய்யா எழுந்தான். இரண்டு வருஷமாக வாயே திறக்காத வீரய்யா. கீழ் எண் என்பது எத்தனை துண்டாக வெட்டினோம் என்பது, மேல் எண் நம் கைக்கு வந்தது எத்தனை துண்டு என்பது, கீழ் எண் வேறு வேறாக இருந்தால் முதலில் துண்டுகளை ஒரே அளவாக்க வேண்டும் என்று, தடங்கல் இல்லாமல், பத்திநாதன் சொன்ன அதே சொற்களில், அவன் இடையில் இருமும் இடத்தில்கூட இருமி, சொல்லி முடித்தான். வகுப்பு சிரித்தது. சிசிலியும் சிரித்தாள்.

ஆக, எல்லாம் அவர்களுக்குள் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. அவளிடம்தான் வெளியே வந்தது. வேறொரு ஆசிரியர் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார். பத்திநாதனுக்கு, தான் உழுது விதைத்த நிலத்தில் அவள் அறுவடை செய்கிற மாதிரி இருந்தது. கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி நொறுங்கிப் போனது.

வெள்ளிக்கிழமை, "பழையபடியே எடுப்போம்" என்றான். "சரிங்க" என்றாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வருஷத்தில் அவனுக்கு நிம்மதி என்று இருந்தது ஒன்றுதான். ரேடியோ.

அது தற்செயலாக வந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு வெகு முன்பே, தை மாதத்தில், தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வீட்டு ரேடியோ ஒரு நாள் ஊமையாகிப் போனது. மாஸ்டர் படித்தவர், பார்த்தால் தெரியும் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்திநாதன் பின்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன ஊர் இருந்தது: கண்ணாடி வால்வுகள், கம்பிகள், தூசி. மூன்று சாயங்காலம் அதோடு உட்கார்ந்தான். ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து, அடுப்பில் காயவைத்த இரும்பால் ஈயம் பற்றவைத்தான். பெட்டி கரகரத்தது, பிறகு பாடியது. சிசிலி கை தட்டினாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, தான் சொல்லிக் கொடுத்தது ஒன்று திருப்பிப் பேசியதாக அவனுக்குத் தோன்றியது.

கொழும்பிலிருந்து தபாலில் ரேடியோப் பாடம் வரவழைத்தான். ஹட்டன் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் பியதாச பாஸைப் பிடித்து, சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் வேலை பழகினான். பாஸுக்குத் தமிழ் அரைகுறை; இவனுக்குச் சிங்களம் அரைகுறை. பழுதான பெட்டிக்கு முன்னால் இரண்டும் போதுமானதாக இருந்தது. பத்து மாதத்தில், பாஸ் விட்டுவைத்த பெட்டிகளை இவன் எழுப்பினான். "மாஸ்டர், ஹொந்த அத்தக்" என்றார் பாஸ். நல்ல கை என்று அர்த்தம். அவன் அதைப் பஸ்ஸில் வரும்போது நான்கு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான்.

கார்த்திகையில் பாஸ் கேட்டார்: தை பிறந்ததும் முழு நேரமாக வந்துவிடு. கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, புருஷனும் பெண்சாதியும் தாராளமாக இருக்கலாம்.

சிசிலியிடம் சொன்னான். அவள் முகம் மலர்ந்துதான் போனது. "போங்க. கண்டிப்பாப் போங்க. அந்தப் பெட்டிய நோண்டும்போதுதான் நீங்க மனுசனாட்டம் இருக்கீங்க" என்றாள். பிறகு எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். குடத்தில் தண்ணீர் இருந்தது.

அவள் சொல்லாமல் விட்டது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் எஸ்.எஸ்.சி. உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவனே கணக்குச் சொல்லிக் கொடுத்து எழுதவைத்துப் பாசான சான்றிதழ், அவனுடைய சான்றிதழோடு ஒரே பெட்டியில் இருந்தது. அவள் தலைமை ஆசிரியையானால், தலைமை ஆசிரியருக்கென்று தோட்டம் கொடுத்த இந்த வீடும் தங்கும். அவன் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் வரலாம். வேறு யாராவது வந்தால் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவளும் பள்ளியை விட வேண்டும்.

யாரைப் போடுவது என்பது பெரியதுரை கையில் இருந்தது. பெரியதுரை யாரைப் போடுவார் என்பதைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் செல்லசாமி வந்து சொன்னார்.

"தொரைக்கு இதிலெல்லாம் அக்கற இல்ல மாஸ்டர். விட்டுட்டுப் போற ஆளு லெட்டர்ல யாரு பேர எழுதுறாரோ, அவங்கள எடுத்துக்குவாரு. என் மச்சான் ஒருத்தன் நாவலப்பிட்டியில சும்மா இருக்கான். ஒரு வரிதான்."

மச்சான் ஒரு நாள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தான். சென்ட் வாசம் வீசும் கைக்குட்டை வைத்திருந்தான். தொட்டில்களைப் பார்த்துச் சிரித்தான்.

"இது பள்ளிக்கூடமா, பிரசவ வார்டா? மொதல்ல இதையெல்லாம் அவுக்கணும்."

சிசிலி அப்போது அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்பை கொஞ்சம்கூட ஆடவில்லை. ராக்காயிதான் தொட்டில் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இவன் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான் என்று பத்திநாதனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். லயத்தில் பேசிக்கொள்வார்கள்: பத்திநாதன் மாஸ்டர் இருந்தபோது இப்படியா இருந்தது! அந்தப் பேச்சு அவன் காதில் இப்போதே இனித்தது. ஹட்டனில், கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில், சிசிலி அவனுக்குச் சமைப்பாள், அவனுக்குச் சட்டை தைப்பாள். அவளைச் சுற்றி வேறு பாதங்கள் இருக்காது. அவளைத் தேடி யாரும் அழமாட்டார்கள்.

அவள் தலைமை ஆசிரியையானால்? பள்ளிக்கூடம் முன்னைவிட நன்றாக நடக்கும். அவன் ஒருவன் இருந்ததையே மறந்துபோவார்கள்.

இப்படியெல்லாம் ஒரு மனிதன் நினைப்பானா என்று அவன் தன்னையே ஏசிக்கொண்டான். ஏசிக்கொண்டே நினைத்தான். சிசிலி கேட்கமாட்டாள் என்பது ஒரு தெம்பு. கேட்காதவளுக்கு மறுத்ததாக ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலைப் பூசைக்குக் கொட்டகலைக்குப் போய்வந்து, சாப்பிட்ட பிறகு பத்திநாதன் கடிதம் எழுத உட்கார்ந்தான். மறுநாள் காலை அதை ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. சிசிலி எதிரே மேசையில் போர்வையை விரித்து, சிரட்டைக் கரி போட்ட பெட்டியால் அவனுடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஹட்டனுக்குப் போடும் சட்டைகள்.

"எழுதியாச்சா?"

"ஒரு வரி பாக்கி."

"ம்."

அவள் எந்த வரி என்று கேட்கவில்லை. அவன் பேனாவை மூடித் திறந்தான்.

"கிளாக்கர் மச்சான் பேர எழுதலாம்னு பாக்குறேன்."

"ம்."

"நல்ல படிப்புத்தான்."

"ம்."

இஸ்திரிப் பெட்டி ஒரே காலரின் மேல் மூன்றாவது தடவையாகப் போய்வந்தது. அவனுக்குத் திடீரென்று ஆத்திரம் வந்தது.

"உம், உம்னா என்ன அர்த்தம்? உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு."

"அப்ப சொல்லேன். யாரு வாயக் கட்டுனா?"

சிசிலி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் சொன்னா நீங்க எழுதிருவீங்க. சிரிச்ச மூஞ்சியோட எழுதுவீங்க. அப்புறம் காலம் பூராவும் என்கிட்ட நல்லாப் பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள கருகுவீங்க. இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன அன்னைக்கி மாதிரி. அன்னைக்கி, கால் வலிக்குதான்னு நீங்க கேட்டது எனக்கு எப்புடி இருந்திச்சு தெரியுமா? நாலு அறை விட்டிருந்தாத் தேவல."

அவனுக்கு முகமெல்லாம் சூடேறியது. மறைத்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தெரியுமா உனக்கு?"

"வகுப்புல சிரிப்பு வந்தா நீங்க அந்தப் பக்கம் பேச்ச நிறுத்துவீங்க. எனக்கும் காது இருக்கில்லங்க. எத்தன நாளு பிள்ளைங்ககிட்ட, மெதுவாச் சிரிங்கடான்னு சொல்லியிருக்கேன்."

 பத்திநாதன் பேனாவைக் கீழே வைத்தான். சொன்னால் செத்துப்போவோம் என்று நினைத்திருந்த சொற்கள், வாயைத் திறந்ததும் சாதாரணமாக வந்தன.

"ஆமா சிசிலி. எனக்கு ஒன் மேல பொறாமதான். வருசக் கணக்கா. எட்டு வயசுலேர்ந்து நான் ஆசப்பட்டது உனக்கு வந்திருச்சு. நீ கேக்கவே இல்ல, வந்திருச்சு. உன்னைய யாராச்சும் ஏச மாட்டாங்களான்னுகூட நெனச்சேன். உன்னைய ஹட்டனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, இந்தப் பிள்ளைங்க உன்னையத் தேடி அழுறத நான் பாக்க வேணாம்னு நெனச்சேன். நான் அப்புடிப்பட்ட ஆளு."

அவள் அழுவாள், அல்லது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தானே எனக்கு எல்லாம் சொல்லித் தந்தீர்கள் என்று சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"எனக்கு இல்லேன்னா நெனச்சீங்க?"

"என்னது?"

"பொறாமதான். சனிக்கெழம ஹட்டன் பஸ்ஸ விட்டு எறங்கி வருவீங்களே, அந்த மூஞ்சி எனக்குக் கல்யாணமான புதுசுல பாத்த மூஞ்சி. ஒரு ஓட்டப் பெட்டிக்கு அதக் குடுத்துட்டு, திங்கக்கெழம எனக்குச் சுண்ணாம்பு மூஞ்சியக் காட்டுவீங்க. ஒரு நாள் அந்தப் பெட்டிய இந்த மேசையிலேர்ந்து தள்ளி விட்டுரலாமான்னு பாத்தேன். கண்டாக்கையாவோடது, அதான் விட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றது. மடியில் இருந்த அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. புதுப்பெண்ணாக வகுப்புக்குள் நுழைந்த அன்றைக்குக்கூட அவள் இவ்வளவு பயந்து அவன் பார்த்ததில்லை.

"சொல்லு" என்றான், மெதுவாக.

"நெசமா வேணாம்னு தோணுச்சுன்னா, வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சிரிச்சுக்கிட்டுச் சரின்னு சொல்லக் கூடாது."

"சிரிக்கல. சொல்லு."

மூடுபனி விலகி ஜன்னலில் வெயில் வந்தது. சிசிலி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க ஹட்டன் பேச்ச எடுத்ததுலேர்ந்து கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கியிருக்கேன். நீங்க போங்க, சந்தோசமாப் போங்க. சாயங்காலம் திரும்பி வாங்க. ஆனா பள்ளிக்கூடம் எனக்கு வேணும். பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு, எல்லாம். அந்த வரியில என் பேர எழுதுங்க."